காலி நடைவழி: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'டாக்சி டிரைவர்' படத்தைச் சென்ற வாரம்தான் முதல்முறையாகப் பார்த்தேன். இரண்டு நாளாக அதே நினைப்பு. நண்பர்களிடம் பேசினால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவருக்கு அது மாஸ் படம். கண்ணாடி முன்னால் துப்பாக்கியோடு நிற்கும் காட்சியைப் போஸ்டராக அறையில் ஒட்டியிருக்கிறார். இன்னொருவர், "பெண்களிடம் பேசத் தெரியாத ஒரு மனநோயாளியின் கதை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்கிறார்.

எனக்கு நான்கு சந்தேகங்கள். அத்தனை பேரைக் கொன்ற டாக்சி ஓட்டுநன் டிராவிஸைக் கடைசியில் பத்திரிகைகள் நாயகனாக்குகின்றன. அப்படியானால் இயக்குநர் அவன் பக்கமா? முடிவு நிஜமா, சாகும் நேரத்தில் அவன் காணும் கனவா? கடைசிச் சண்டையில் படத்தின் நிறம் திடீரென்று பழுப்பாக மங்கிவிடுகிறது. நான் பார்த்த பிரதியில் கோளாறா?

நான்காவதுதான் முக்கியமானது. படத்தின் பாதிவரை எனக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. நானும் இரவுப் பணியில் இருப்பவன், தனி அறையில் தங்கியிருப்பவன். தனிமைதான் அவனைக் கொலைகாரனாக்கியது என்று படம் சொல்கிறதா? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

சுலபமான கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் பிரதியில் கோளாறு இல்லை. 1976 பிப்ரவரியில் திரைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் காட்சி அப்படித்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் திரைப்படங்களுக்குத் தரக்குறியீடு கொடுப்பது அரசு அல்ல, தயாரிப்பு நிறுவனங்களின் சங்கம். இந்தப் படத்துக்கு அவர்கள் 'எக்ஸ்' கொடுக்கவிருந்தார்கள். அந்தக் காலத்தில் வயதுவந்தோருக்கு மட்டுமான இந்த எக்ஸ் விழுந்தால் பெரும்பாலான திரையரங்குகள் எடுக்காது, பல செய்தித்தாள்கள் விளம்பரம் போடாது. 'ஆர்' கிடைத்தால் 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்கள் துணையோடு வரலாம், வியாபாரம் நடக்கும். காட்சியை வெட்டுவதற்குப் பதிலாக இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி வேறொன்று செய்தார். அந்தப் பகுதியின் நிறச்செறிவை மட்டும் ஆய்வகத்தில் குறைத்தார். சிவப்பு வடிந்தது, இரத்தம் துருவும் சேறும் கலந்த நிறத்துக்கு வந்தது. ஆர் கிடைத்துவிட்டது.

ஸ்கோர்செஸிக்கு இந்த மாற்றம் பிடித்துப்போயிற்று, எடுத்ததைவிட இதுவே மேல் என்றார். ஒளிப்பதிவாளர் மைக்கேல் சாப்மனுக்குப் பிடிக்கவில்லை. முழு நிறத்தில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்று பிற்பாடு வருத்தப்பட்டார். 2011இல் வந்த மறுசீரமைப்புப் பிரதியிலும் மங்கிய நிறமே உள்ளது. என் கட்சி ஸ்கோர்செஸியுடையது. அதுவரை நியான் சிவப்பிலும் பச்சையிலும் மினுங்கிக்கொண்டிருந்த படம், அந்த மாடிப்படியில் ஏறியதும் மலிவுத்தாளில் அச்சான குற்றச்செய்திப் புகைப்படம்போல ஆகிவிடுகிறது. சில நிமிடம் கழித்து அவன் கதை செய்தித்தாள் நறுக்குகளாகச் சுவரில் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்க்கப்போகிறோம். தரக்குறியீட்டுக்காகச் செய்த சமரசம் அதற்கு முன்கூட்டியே வண்ணம் அமைத்துக் கொடுத்துவிட்டது. சினிமாவில் இப்படி வாய்ப்பது அபூர்வம்.

இப்போது 'இயக்குநர் அவன் பக்கமா?' என்ற கேள்வி. இதற்கு வசனத்தில் பதில் தேடாதீர்கள், கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

படம் டிராவிஸ் பிக்கிளின் கண்ணோடு நம்மைக் கட்டிப்போடுகிறது. முதல் காட்சியில் தெருவின் சாக்கடை மூடியிலிருந்து எழும் வெண்புகையைக் கிழித்துக்கொண்டு மஞ்சள் வண்டி வருகிறது. (புகை படத்துக்காக உண்டாக்கிய மாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. மன்ஹாட்டன் தெருக்களுக்கு அடியில் கட்டடங்களுக்கு நீராவி கொண்டுபோகும் குழாய்கள் 1882 முதல் ஓடுகின்றன. புகை அந்த ஊரின் சொத்து.) அடுத்து அவன் கண்கள் மட்டும். பிறகு மழையில் கரைந்த தெருவிளக்குகள். அவன் பார்ப்பது எல்லாமே முன்கண்ணாடி வழியாக, பக்கக் கண்ணாடி வழியாக, பின்னிருக்கையைக் காட்டும் சிறு கண்ணாடி வழியாக. தெருவில் நிற்கும் கறுப்பின ஆண்களை அவன் பார்க்கும்போது காட்சி லேசாக மெதுவாகிறது. வினாடிக்கு 24 சட்டகம் என்ற வழக்கமான வேகத்தைவிடக் கூடுதலாக ஓடவிட்டு எடுத்தால் திரையில் அசைவு கனத்துவிடும். அங்கே நாம் காண்பது அந்த மனிதர்களை அல்ல, அவர்கள்மேல் படியும் இவனுடைய வெறுப்பை. அவனோ அதை ஒருமுறையும் வாயால் சொல்வதில்லை. இந்த வெறுப்பு பால் ஷ்ரேடரின் திரைக்கதையில் இன்னும் வெளிப்படையாக இருந்தது. அதில் கடைசியில் சாகிற விபசாரத் தரகன் கறுப்பினத்தவன். திரையரங்கில் அது எப்படி வெடிக்கும் என்று அஞ்சி அந்தப் பாத்திரத்தை வெள்ளையனாக மாற்றி ஹார்வி கைட்டலுக்குக் கொடுத்தார்கள்.

இப்படிக் கட்டிப்போட்ட கேமரா சில இடங்களில் கயிற்றை அவிழ்த்துக்கொள்கிறது. படத்தின் தீர்ப்பு அந்த இடங்களில் இருக்கிறது.

முக்கியமானது தொலைபேசிக் காட்சி. டிராவிஸ் விரும்பும் பெட்சி, ஒரு செனட்டரின் தேர்தல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அவளை ஆபாசப்பட அரங்குக்கு அழைத்துப்போய் அவமானப்படுத்திவிட்டான். அவள் பாதியில் எழுந்து போய்விட்டாள். ஒரு கட்டடத்தின் நடைவழியில் உள்ள பொதுத் தொலைபேசியில் அவளை அழைக்கிறான். உடம்பு சரியில்லையா, பூக்கள் வந்தனவா, இன்னொரு நாள் சந்திக்கலாமா? அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. பேசிக்கொண்டே இருக்கிறான். அப்போது கேமரா மெல்ல வலப்பக்கம் நகர்ந்து அவனை விட்டு விலகி, தெருக்கதவு வரை நீளும் காலி நடைவழியைப் பார்த்து நின்றுவிடுகிறது. அங்கே ஒன்றுமில்லை. அழுக்குச் சுவர், விளக்கு, கோடியில் கதவு. அவன் குரல் மட்டும் தொடர்ந்து வருகிறது. பேசி முடித்து அவனே சட்டகத்துக்குள் வந்து, முதுகைக் காட்டியபடி அந்த வழியே நடந்து வெளியேறுகிறான்.

ஒருவர் நம் கண்முன்னே யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தால் நாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோமே, அந்தத் திரும்பல்தான் அது. படத்திலேயே மிக முக்கியமான ஷாட் இதுதான் என்று ஸ்கோர்செஸி பிற்பாடு சொல்லியிருக்கிறார். கேமரா அவனுக்காகக் கூசுகிறது. அதே சமயம், அவன் இன்னும் சில நாளில் போய்ச்சேரப்போகும் இடத்தையும் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. இறுதிக் கொலைகளும் இப்படியொரு குறுகிய நடைவழியில்தான் நடக்கின்றன. அடுத்த வெட்டில் அவன் அறை, திருப்பி அனுப்பப்பட்ட பூங்கொத்துகள் வரிசையாக வாடிக்கொண்டிருக்கின்றன. அந்த வாசனை தனக்குக் குமட்டுகிறது என்று நாட்குறிப்பில் எழுதுகிறான்.

இரண்டாவது, டிராவிஸ் பார்க்கவே முடியாத ஒரு காட்சி. அவன் இல்லாத காட்சிகளே படத்தில் அரிது. பெட்சியும் அலுவலகத் தோழனும் பேசிக்கொள்ளும் இடங்களில்கூட அவன் தெருவில் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். ஆனால் விபசாரத்தில் தள்ளப்பட்ட சிறுமி ஐரிஸும் அவளுடைய தரகன் ஸ்போர்ட்டும் தனியறையில் நிற்கும் காட்சியில் அவன் எங்கும் இல்லை. ஐரிஸுக்குப் பன்னிரண்டரை வயது. "நீயில்லாமல் நானில்லை" என்ற வகையில் ஸ்போர்ட் கொஞ்சிப் பேசி அவளை அணைத்துக்கொண்டு மெதுவாக ஆடுகிறான். அவள் தப்பித்துப் போகாமல் இருப்பது எப்படி என்று அப்போது நமக்குப் புரிகிறது. அடியால் அல்ல, இந்தப் பேச்சால். டிராவிஸுக்கு இது கடைசிவரை தெரியாது. அவன் கதையில் அவள் கோபுரத்தில் அடைபட்ட இளவரசி.

அங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இசைத்தட்டிலிருந்து ஒரு மெட்டு வருகிறது. படம் முழுக்க டிராவிஸின் இரவுகளுக்குப் பின்னால் சாக்ஸபோனில் ஒலித்துவந்த அதே மெட்டு! அவன் இதயத்திலிருந்து வருவதாக நாம் நம்பிய ஏக்கம், ஒரு குழந்தையை ஏமாற்றுகிறவனின் அறையில் தட்டில் சுழன்றுகொண்டிருக்கிறது. பெர்னார்ட் ஹெர்மனின் இசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முரசும் பித்தளைக் கருவிகளும் எழுந்தமரும் அச்சத்தைச் சொல்வார்கள். எனக்கு அவருடைய ஆகக் கொடூரமான காரியம் இந்தக் காதல் மெட்டுத்தான்.

மூன்றாவது, கொலைகளுக்குப் பிறகான மேற்கோணம். கேமரா நேர்மேலிருந்து அறையைப் பார்த்து, உடல்களையும் உறைந்து நிற்கும் காவலர்களையும் கடந்து, நடைவழி, படிகள் என்று மெதுவாக நகர்ந்து தெருவுக்கு வருகிறது. கிழக்கு 13ஆம் தெருவில் இடிக்கவிருந்த ஒரு கட்டடத்தில் எடுத்தது. மேல்தளத்தை அறுத்துத் திறந்து, அங்கே தண்டவாளம் போட்டுக் கேமராவை ஓட்டினார்கள். இடிக்கப்போகும் கட்டடமாக இல்லாவிட்டால் யாரும் அனுமதித்திருக்க மாட்டார்கள். சுடும்போது பின்னணி இசை கிடையாது. வெடிச்சத்தமும் ஐரிஸின் அலறலும் மட்டும். எல்லாம் அடங்கி, கேமரா மேலே போனபிறகுதான் இசை நுழைகிறது.

இந்த நேர்மேல் பார்வை திடீரென்று முளைத்ததல்ல. பெட்சியின் மேசைமேல் டிராவிஸ் கையை வீசி "இதெல்லாம் ஒன்றுமில்லை" என்னும்போது அந்த மேசையை மேலிருந்து பார்த்தோம். ஓட்டல் அறையில் வியாபாரி பெட்டியைத் திறந்து துப்பாக்கிகளைத் துணியில் பரப்பும்போது, பூசைப் பொருட்களைப் பார்ப்பதுபோல மேலிருந்து பார்த்தோம். மேசை, ஆயுதம், பிணம். ஒரே கோணம் மூன்று முறை.

அந்தத் துப்பாக்கிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நான்கும் சேர்ந்து 875 டாலர்: 350, 250, 125, 150. டிராவிஸ் மாலை ஆறிலிருந்து காலை ஆறுவரை, சில வாரம் ஏழு நாளும், ஓட்டிச் சம்பாதிப்பது வாரத்துக்கு 300, 350 டாலர். ஆக இரண்டரை வாரக் கூலி. பேரம் இல்லை, கேள்வி இல்லை. அதே வியாபாரி போதைமருந்தும் காரும்கூட இருப்பதாகச் சொல்கிறான். பரபரப்பான வசனங்களைவிட இந்தக் கடைக்காரத்தனம்தான் பயமுறுத்துகிறது.

இன்னொரு பணமும் இருக்கிறது. ஐரிஸ் ஒரு இரவு அவன் வண்டியில் ஏறித் தப்பப் பார்க்கிறாள். ஸ்போர்ட் அவளை இழுத்து இறக்கிவிட்டு, கசங்கிய ஒரு 20 டாலர் தாளை முன்னிருக்கையில் வீசிவிட்டுப் போகிறான். டிராவிஸ் அதை மற்றப் பணத்தோடு சேர்ப்பதில்லை, தனியாக வைத்துக்கொள்கிறான். நெடுநேரம் கழித்து ஐரிஸின் அறைக்குப் போய்த் திரும்பும்போது, வாசலில் நேரம் பார்க்கும் கிழவனிடம் அதே கசங்கல் தாளைக் கொடுக்கிறான். பேசத் தெரியாதவன் பணத்தால் பேசுகிறான். இதுபோன்ற இடங்களில் ஷ்ரேடரின் கை தெரியும்.

தனிமைக்கு வருகிறேன். ஷ்ரேடர் இதை எழுதியது 1972இல், லாஸ் ஏஞ்சலிஸில். மணவாழ்க்கை முறிந்து, வேலையும் இல்லாமல், காரிலேயே உறங்கித் திரிந்திருக்கிறார். வயிற்றுப்புண் முற்றி மருத்துவமனைக்குப் போனபோது, செவிலியிடம் பேசுகையில்தான் வாரக்கணக்காகத் தான் யாரிடமும் பேசவில்லை என்பது உறைத்ததாம். டாக்சி என்ற உருவகம் அங்கே பிறந்தது: நகரத்தின் நடுவே மிதக்கும் இரும்புப் பெட்டி, சுற்றிலும் மனிதர்கள், உள்ளே ஒருவன். முதல் வரைவை இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட்டார். கடுமையான கால்வினியக் கிறித்தவக் குடும்பத்தில் வளர்ந்து, 17 வயதுவரை சினிமாவே பார்த்திராதவர் அவர். தஸ்தாயெவ்ஸ்கியின் நிலவறை மனிதனும் பிரெஞ்சு இயக்குநர் பிரெஸ்ஸோனின் படத்தில் நாட்குறிப்பு எழுதும் பாதிரியாரும் டிராவிஸின் மூதாதைகள். ஒரு வித்தியாசம், டிராவிஸுக்கு அவர்களுடைய அறிவு இல்லை. தன் நோய்க்குப் பெயர்கூடத் தெரியாது.

ஆனால் நீங்கள் கேட்டதற்கு என் பதில், இல்லை என்பதுதான். தனிமை கொலைகாரனாக்கியது என்று படம் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் கை நீளும்போது அவன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். பெட்சி அவனோடு காப்பி குடிக்க வருகிறாள், படத்துக்கும் வருகிறாள். அவன் அவளை அழைத்துப்போவது, தூக்கம் வராத காலைகளில் தான் போய் உட்காரும் அதே வகை அரங்குக்கு. கெட்ட எண்ணத்தால் அல்ல. ஜோடிகள் இங்கே வருகிறார்களே என்கிறான்; அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கடையில் மற்ற ஓட்டுநர்கள் இடம் கொடுக்கிறார்கள். அவனோ தண்ணீரில் போட்ட மாத்திரை பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கேமரா அந்தக் குமிழிகளுக்குள் இறங்க, பேச்சு பின்னுக்குப் போகிறது. (இது பிரெஞ்சு இயக்குநர் கோடாரின் 1967ஆம் ஆண்டுப் படமொன்றில் வரும் காப்பிக் கோப்பையிலிருந்து எடுத்துக்கொண்டது. கோடாரின் கோப்பையில் தத்துவம் சுழலும். இதில் நுரை மட்டும்.)

பெற்றோருக்கு ஒரு வாழ்த்து அட்டை எழுதுகிறான். ஜூலை மாதத்தில் அவர்கள் திருமணநாளும் தந்தையர் தினமும் அம்மாவின் பிறந்தநாளும் வருகின்றன, சரியான தேதிகள் நினைவில்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஒரே அட்டை என்கிறான். தந்தையர் தினம் ஜூனில் வருவது. பிறகு, அரசாங்கத்துக்கு இரகசிய வேலை பார்க்கிறேன், முகவரி தர முடியாது, பெட்சி என்ற பெண்ணோடு பழகிவருகிறேன் என்று எழுதுகிறான். முகவரி கொடுத்தால் பதில் வந்துவிடும். அந்த வழியையும் அவனே அடைத்துவிடுகிறான். தனிமை அவன்மேல் விழுந்தது பாதி, அவன் செங்கல் செங்கலாக அடுக்கியது மீதி.

ஒரேயொரு முறை அவன் உதவி கேட்கிறான். பீட்டர் பாயில் நடித்த மூத்த ஓட்டுநரை வெளியே கூப்பிட்டு, தலைக்குள் கெட்ட எண்ணங்கள் வருகின்றன என்று திக்கித் திக்கிச் சொல்கிறான். அந்த மனிதர் நல்லவர்தான். வேலைதான் மனிதன், போய் ஒரு பெண்ணைப் பார், குடி, எல்லாரும் இப்படித்தான் கிடக்கிறோம் என்று ஏதேதோ சொல்கிறார். தான் சொல்வது அபத்தம் என்று அவருக்கே தெரிகிறது. இருவரிடமும் அந்த விஷயத்துக்கான சொற்கள் இல்லை. படத்தின் மிகச் சோகமான காட்சி எது என்று கேட்டால் தொலைபேசிக்கு அடுத்து இதைச் சொல்வேன். உங்களுக்கு வந்த இரக்கம் இந்த இடத்தைச் சேர்ந்தது. அதற்காகப் பயப்பட வேண்டாம். அந்த இரக்கம் வராதவர்களுக்கு இந்தப் படம் வேலை செய்யாது. உங்கள் இரண்டாவது நண்பர் அந்த வகை.

முடிவு. முதலில் நடந்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள். அவன் கொல்லக் கிளம்பியது அதிபர் தேர்தலில் நிற்கும் செனட்டர் பாலன்டைனை. கிளம்பும்முன் ஐரிஸுக்கு ஐந்து நூறு டாலர் தாள்களை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போகிறான்: நீ இதைப் படிக்கும்போது நான் செத்திருப்பேன். கொலம்பஸ் வட்டத்துக் கூட்டத்தில் கோட்டுக்குள் கை போவதைப் பாதுகாவலர் பார்த்துவிட, ஓடித் தப்புகிறான். அன்று இரவே அதே துப்பாக்கிகளோடு ஸ்போர்ட்டைத் தேடிப் போகிறான். எல்லோரும் விழுந்தபின் தன் கழுத்தில் வைத்துச் சுட்டுக்கொள்ளப் பார்க்கிறான், குண்டு தீர்ந்துவிட்டது. காவலர்கள் நுழையும்போது இரத்தம் சொட்டும் விரலை நெற்றிப்பொட்டில் வைத்து வாயால் சுடுகிறான்.

ஆக அவன் திட்டமிட்ட இரண்டு காரியங்களும், செனட்டரின் சாவும் தன்னுடைய சாவும், நடக்கவில்லை. நடந்தது மிச்சம். அந்த மிச்சத்தைத்தான் பத்திரிகைகள் வீரம் என்கின்றன. மதியம் பாதுகாவலர் ஒரு வினாடி கண்ணயர்ந்திருந்தால் இதே ஆள், இதே மொட்டைத்தலைக் கொண்டை (பக்கங்களை மழித்து நடுவில் மட்டும் விட்ட முடி), நாட்டின் ஆக வெறுக்கப்பட்ட முகம். இதற்கு ஒத்திகையும் முன்பே இருக்கிறது. மளிகைக்கடையில் கொள்ளையடிக்க வந்தவனை டிராவிஸ் சுடுகிறான். துப்பாக்கிக்கு உரிமம் இல்லையே என்கிறான். கடைக்காரர் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று அனுப்பிவிட்டு, விழுந்துகிடப்பவனை இரும்புத்தடியால் அடிக்கிறார். சரியான ஆளைச் சுட்டால் ஊர் கணக்குக் கேட்காது என்பதை அன்றே கற்றுவிட்டான்.

படம் எடுத்தது 1975 கோடையில். நகராட்சி திவாலின் விளிம்பில் நின்ற ஆண்டு, குப்பை அள்ளுவோரின் வேலைநிறுத்தம், கடும் வெக்கை. நகரத்தைக் கழுவ ஒரு மழை வரவேண்டும் என்று டிராவிஸ் எழுதுவதை அந்தக் கோடையில் பலர் தலையசைத்துக் கேட்டிருப்பார்கள். இயக்குநர் அவன் பக்கமா என்று கேட்டீர்கள். அவனை நாயகனாக்கும் அந்த ஊரின் முகத்தைக் காட்டுவதே அவர் வேலையாக இருந்தது.

கனவு என்று வைத்துக்கொண்டால் இந்த ஊர் தப்பித்துவிடும். அதனால்தான் அந்த வாசிப்பு எனக்கு ஒப்பவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லாமலில்லை: ஐரிஸின் தந்தை பிட்ஸ்பர்கிலிருந்து எழுதும் நன்றிக் கடிதம், கடைசியில் பெட்சி அவன் வண்டியில் ஏறுவது, எல்லாம் ஒருவன் ஆசைப்பட்டதுபோலவே நடக்கின்றன. ஆனால் அவன் முடி வளர்ந்திருக்கிறது, கழுத்தில் தழும்பு இருக்கிறது. ஷ்ரேடர் சொல்வது வேறு: கடைசிச் சட்டகத்தை முதல் சட்டகத்தோடு ஒட்டினால் படம் மறுபடி தொடங்கும். அதுவே பொருந்துகிறது. ஐரிஸ் ஊர் திரும்பிப் பள்ளிக்குப் போவதும் அவள் அப்பா எழுதித்தான் நமக்குத் தெரிகிறது. அவள் குரலை நாம் கேட்பதில்லை.

போஸ்டர் ஒட்டிய நண்பருக்கு ஒரு செய்தி. அந்தக் கண்ணாடிக் காட்சிக்குத் திரைக்கதையில் வசனமே இல்லை, டிராவிஸ் கண்ணாடியில் தனக்குத்தானே பேசுகிறான் என்ற அளவில்தான் இருந்தது. டிராவிஸாக நடித்த ராபர்ட் டி நீரோ அங்கேயே உண்டாக்கிப் பேசினார், ஸ்கோர்செஸி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, இன்னொருமுறை, இன்னொருமுறை என்று கேட்டுக்கொண்டிருந்தார். 'என்கிட்டயா பேசுற?' என்ற வரி சட்டைகளில் அச்சாகி உலகம் சுற்றிவிட்டது. அதற்கடுத்து அவன் சொல்வதை யாரும் அச்சடிப்பதில்லை: 'இங்க நான் மட்டும்தானே இருக்கேன்.' வீறாப்பு முதல் வரியில், உண்மை இரண்டாம் வரியில். அதைத் தொடரும் நாட்குறிப்புக் குரலையும் கேளுங்கள். இனி பொறுக்கமாட்டான் ஒருவன் என்று சூளுரைத்துப் பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. வீரவசனத்தையே ஒழுங்காகச் சொல்ல வராதவன். அந்தத் தடுமாற்றத்தை எடிட்டிங்கில் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். (அந்தக் கொண்டையும் நிஜமில்லை. டி நீரோ அடுத்த படத்துக்குத் தலைமுடியோடு போகவேண்டியிருந்ததால் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் செய்த போலித் தலை அது.)

அதற்காகப் படம் அப்பாவி என்று சொல்லமாட்டேன். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் ஜான் ஹிங்க்லி அதிபர் ரீகனைச் சுட்டான். ஐரிஸாக நடித்த ஜோடி ஃபாஸ்டரின் கவனத்தைப் பெறுவதற்காகச் செய்ததாக எழுதிவைத்திருந்தான். இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன். வழக்கில் நடுவர் குழுவுக்குப் படம் போட்டுக் காட்டப்பட்டது, மனநிலை காரணமாகக் குற்றவாளியல்ல என்று 1982இல் தீர்ப்பாயிற்று. சுட்ட நாளில் நடக்கவிருந்த ஆஸ்கர் விழா ஒருநாள் தள்ளிப்போய், மறுநாள் சிறந்த நடிகர் விருது டி நீரோவுக்கே போனது, வேறொரு ஸ்கோர்செஸி படத்துக்காக. ஹிங்க்லி நடுப்பக்கங்களையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தவன். ஆனால் அப்படிப் படிப்பதற்கு இடம் கொடுக்கும் அளவுக்கு அந்தக் கடைசிப் பக்கம் கவர்ச்சியாக எடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. பெட்சி முழுப் பாத்திரமாக எழுதப்படவில்லை. யாரோ ஒரு வண்டியோட்டி அலுவலகத்துக்குள் நுழைந்து 'நீங்கள் தனிமையில் இருக்கிறீர்கள்' என்றதும் அவள் வெளியே வர ஒத்துக்கொள்வது சிபில் ஷெப்பர்டின் முகத்தால் ஓரளவு நம்பும்படி ஆகிறதே தவிர எழுத்தால் அல்ல. 12 வயது ஜோடி ஃபாஸ்டரை அந்தப் பாத்திரத்தில் நடிக்கவைத்தது பற்றிய சங்கடமும் எனக்குத் தீரவில்லை. மனநலப் பரிசோதனை நடந்தது, சில ஷாட்டுகளில் வயதுவந்த அக்கா பதிலாக நின்றார், எல்லாம் சரி. சங்கடம் சங்கடம்தான்.

மறுமுறை பார்ப்பதாக இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, அவன் வேலைக்குச் சேர்ந்து வெளியே வரும் வண்டிக்கொட்டகை ஷாட்டை நிறுத்திப் பாருங்கள். அவன் ஒரு பக்கம் நடக்க, கேமரா மறுபக்கம் திரும்பிக் கொட்டகை முழுவதையும் சுற்றிவந்து அவனைக் கோடியில் பிடிக்கிறது. தொலைபேசிக் காட்சியின் விதை படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே போடப்பட்டுவிட்டது.

இரண்டாவது, கடைசி ஒரு நிமிடத்தை ஹெட்போனில் கேளுங்கள். பெட்சியை இறக்கிவிட்டுக் காசு வாங்காமல் கிளம்புகிறான். கண்ணாடியில் எதையோ பார்த்ததுபோலச் சட்டென்று அதைத் திருப்புகிறான். அந்த நொடியில் கீச்சென்று ஒரு சத்தம். ஸ்கோர்செஸி அங்கே ஒரு குத்தல் ஒலி வேண்டும் என்றாராம். ஹெர்மன் உலோகக் கட்டைக் கருவியில் ஒரு சுரத்தைத் தட்டிப் பதிவு செய்து, அதைப் பின்னோக்கி ஓடவிடச் சொன்னார். தட்டி அடங்கவேண்டிய ஒலி, ஒன்றுமில்லாமையிலிருந்து வீங்கிவந்து தட்டலில் முடிகிறது. 1975 டிசம்பர் 23 அன்று இசைப்பதிவு முடிந்தது. அன்றிரவு தூக்கத்திலேயே ஹெர்மன் இறந்துபோனார். நல்ல ஹெட்போனாக இருந்தால் அந்தச் சத்தம் தொடங்கும் இடமும் கேட்கும். அதற்குள் கண்ணாடியில் அவன் முகம் இருக்காது, தெருவிளக்குகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அன்புடன்